நூறு கோடியில் ஒன்று

பட்டை அறுக்கிற வேலை அவளுக்கு. உயரத்தில் தொங்கி வேலை செய்கிறவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டுகளைத் தைக்கிற தொழிற்சாலை அது. பெல்ட்டையும் மேலே கட்டியிருக்கும் கம்பியையும் இணைப்பது ஒரு நீளப் பட்டை. அந்தப் பட்டையை இயந்திரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவில் மாட்டி, அறுகிறவரை இழுத்து, எத்தனை கிலோவில் அறுந்தது என்று குறித்துக்கொள்வாள். பதினாறு வருஷமாக இதே சத்தம், இதே தூசி. ஒவ்வொரு பட்டையும் அறும்போது துப்பாக்கி வெடித்ததுபோல் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் துள்ளிக் குதிப்பார்கள்; அவள் கண்கூட இமைக்க மாட்டாள்.

தொழிற்சாலையில் அவளுக்கு மணியக்கா என்று பெயர். சோதனை அறைச் சுவரில் அவள் வரைந்து வைத்திருந்த மணி வடிவ வளைவுதான் காரணம். அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் எண்கள் நிறைந்த ஓர் அட்டவணை. போகிறவர்கள் வருகிறவர்கள், "மணியக்கா, மணி எப்ப அடிக்கும்?" என்று கேலி செய்வார்கள். "பட்டை அறுந்தா அடிக்கும், போய் வேலையப் பாருங்க" என்பாள்.

அறுத்த பட்டையை விற்க முடியாதல்லவா? ஆகவே பத்தாயிரம் தைத்தால் முப்பதை மட்டும் அறுத்துப் பார்ப்பாள். அந்த முப்பதின் சராசரி ஆயிரத்து எண்ணூறு கிலோ, அதிலிருந்து முன்னும் பின்னும் சிதறுகிற அளவு, அதாவது திட்டவிலக்கம், நூறு கிலோ என்று வந்தால், மீதியைக் கணக்கு சொல்லிவிடும். விதிப்படி ஒரு பட்டை ஆயிரத்து ஐந்நூறைத் தாங்க வேண்டும். அது சராசரியிலிருந்து முந்நூறு கீழே; ஒரு திட்டவிலக்கத்தை ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி, என்று வைத்தால் மூன்று எட்டு. அட்டவணையில் மூன்றுக்கு நேரே பார்த்தால், பத்தாயிரத்துக்குப் பதிமூன்று பட்டைதான் அதற்கும் கீழே போகும். அந்தப் பதிமூன்றும் ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் அறுமே தவிர அதலபாதாளத்துக்குப் போய்விடாது. சுவரில் இருந்த மணி வளைவின், அதாவது இயல்நிலைப் பரவலின், குணம் அது. நடுவில் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஓரத்துக்குப் போகப் போக ஆள் அரவமே இருக்காது.

அவளுக்கு இருந்த ஒரே உறவு தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு இருபது வயது, அவனுக்குப் பதினொன்று. படிப்பு அவனுக்கு ஏறவில்லை, சுவர் ஏறியது. அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுகிற வேலை. பத்தாவது மாடி, பதினைந்தாவது மாடி என்று தொங்குமேடையில் நின்றுகொண்டு பாட்டுப் பாடியபடி பூசுவான். ஒப்பந்தக்காரர் கொடுத்ததெல்லாம் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கயிறு. முடிச்சு அவன் கை முடிச்சு.

அந்தக் கயிற்றை நம்ப அவளால் முடியவில்லை. கடைசியில் தானே ஒப்பந்தக்காரரைத் தேடிப் போய், பேசிப் பேசி, தங்கள் தொழிற்சாலையின் பெல்ட்டுகளை நாற்பது வாங்க வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி, மனைவியையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்திருந்தான்.

"அக்கா, நான் விழுந்தா எவ்வளவு இழுக்கும் அந்தப் பட்டைய?"

"வாயக் கழுவுடா. விழுவானாம்."

"சும்மா சொல்லுக்கா. கணக்குதானே."

"உன் எடைக்கு, ரெண்டு மீட்டர் விழுந்தாலும் ஆயிரத்து இருநூறைத் தாண்டாது."

"அந்த ஆயிரத்து இருநூறுக்கே அறுந்துட்டா?"

சராசரியிலிருந்து ஆறு எட்டு. சுவரில் இருந்த அட்டவணை நாலோடு முடிந்துவிடும். ஆறுக்கெல்லாம் கணினியைத்தான் கேட்க வேண்டும். அவள் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள். அவனுக்காகவே கேட்டு வைத்திருந்தாள்.

"நூறு கோடியில ஒண்ணு."

அவன் சோற்றுக் கையோடு சிரித்தான். "நூறு கோடி பட்டைய அறுக்க நான் எத்தனை தடவ விழணும்! அதுக்கு லீவு குடுப்பாங்களா?" என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தான். "உங்க அத்தை கணக்கு போட்டுட்டாங்க பாப்பா. இனிமே அப்பாவ யாரும் அசைக்க முடியாது."

அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஒண்ணு இருக்குல்ல அண்ணி" என்றாள் மெதுவாக. அதைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். மணியக்கா ஒரு பட்டையை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. தம்பியோடு வேலை செய்கிற பெயின்டர். சொல்ல வந்ததைச் சொல்லாமல், "அக்கா... அக்கா..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாட்டிய பட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

ஒன்பதாவது மாடி. தொங்குமேடையின் ஒரு பக்கக் கம்பி நழுவி மேடை சாய்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பெல்ட் போட்டிருக்க மாட்டான். புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றி வைத்திருப்பான். எத்தனை தடவை சொன்னேன், எத்தனை தடவை சொன்னேன் என்று முணுமுணுத்தபடி அந்தப் பெயின்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"போட்டிருந்தான்க்கா" என்றார் அவர். "கொக்கியும் மாட்டித்தான் இருந்தான். பட்டைதான் அறுந்துடுச்சு."

அவள் கை தானாகவே விட்டுவிட்டது.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவள் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். இரண்டு அறை. ஒன்றில் தம்பி மனைவி சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். இன்னொன்றில் குழந்தை தன் வீட்டுப்பாட நோட்டில் ஒரே எழுத்தை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். மணியக்கா சமைத்தாள், துவைத்தாள், யாரும் சாப்பிடாததை எடுத்துக் கொட்டினாள். நூறு கோடியில் ஒன்று என்றால் ஒன்று இருக்கத்தானே செய்யும். அது நம் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படி நினைத்தால் மூச்சு விட முடிந்தது. யார் மேலும் குற்றமில்லாத சாவு அது.

பத்து நாள் கழித்துத் தொழிற்சாலை மேலாளர் துக்கம் விசாரிக்க வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார்.

"என்னம்மா செய்யறது. விதின்னுதான் சொல்லணும். பத்தாயிரம் பட்டை தைச்சா பதிமூணு அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். உலகத்துல எந்தத் தொழிற்சாலையாலயும் அதத் தடுக்க முடியாது. அக்காவையே கேளுங்க, அவங்க கணக்குதான்."

கதவோரம் நின்றிருந்த தம்பி மனைவி அன்றுதான் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"மீதி பன்னண்டு பேரு யாருங்க?"

"என்னம்மா?"

"பதிமூணுன்னு சொன்னீங்க. எங்க வீட்டுக்காரர் ஒருத்தர். மீதி பன்னண்டு பேரு யாரு? அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

மேலாளர் தண்ணீர் கேட்டார். குடித்தார். விபத்தை விசாரிக்கும் அரசு அலுவலகத்துக்குக் கொடுக்க, சோதனையில் குறையில்லை என்று ஒரு கடிதம் தயாராக இருக்கிறது, நாளை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று மணியக்காவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகும் மணியக்கா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பதிமூன்று என்பது ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே போகிறவை. தம்பி விழுந்தபோது பட்டையில் விழுந்த இழுவை ஆயிரத்து இருநூறைத் தாண்டியிருக்காது என்று விசாரணைப் பொறியாளரும் சொல்லியிருந்தார். அந்தப் பன்னிரண்டு பட்டைகளும்கூட அவனைத் தாங்கியிருக்கும். தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து தைத்ததெல்லாம் சேர்த்தாலும் ஒரு கோடியைத் தொடாது. அப்படியிருக்க நூறு கோடியில் ஒன்று எப்படி வரும்? பள்ளிப் பிள்ளைக்கும் தெரிய வேண்டிய விஷயம். இத்தனை அரிதான ஒன்று கண்ணெதிரே நடந்துவிட்டால், அதிர்ஷ்டத்தை நோவதற்கு முன்னால் கணக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். பதினாறு வருஷம் இதே வேலை பார்த்தவள் பத்து நாளாக அதை யோசிக்க மறுத்திருந்தாள்.

விசாரணை அலுவலகம் குடும்பத்துக்கு அனுப்பியிருந்த காகிதக் கட்டு அலமாரியில் இருந்தது. பிரித்தாள். அறுந்த பட்டையின் படம் இருந்தது. தையல் போட்ட இடத்தில் தாளைக் கிழித்ததுபோல் நேர்கோடாகக் கிழிந்திருந்தது. கீழே சிறிய லேபிள். அதன் மூலையில் தைத்த இயந்திரத்தின் எண் அச்சாகியிருக்கும். 2 என்று இருந்தது.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போகாமல் நேரே சோதனை அறைக்குப் போனாள். அறுத்த பட்டைகளை ஒரு வருஷம் மூட்டையில் கட்டிப் போட்டு வைப்பது வழக்கம். தம்பியின் பட்டை இருந்த பத்தாயிரம் பட்டைத் தொகுதியின் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து லேபிளைப் பார்த்தாள். ஒன்று. ஒன்று. ஒன்று. முப்பதிலும் ஒன்று.

கிடங்குக்காரர் வயதானவர், நல்ல மனிதர். மாதிரிப் பட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பது அவர்தான். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"இந்த முப்பதும் எங்கேருந்து எடுத்தீங்கண்ணே?"

"முதல் மெஷின் பெட்டியிலருந்து. அதுதானேம்மா உங்க கதவுப் பக்கம் இருக்கு. ரெண்டாவது மெஷின் அந்தக் கோடியில. முட்டி வலியோட அங்க வரைக்கும் நடக்கணுமேன்னு..." அவர் முகம் மாறியது. "நீங்க முப்பது கேட்டீங்க, முப்பது குடுத்தேன். எதுலருந்துன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலையேம்மா."

கேட்கவில்லைதான். பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. சராசரி கேட்டாள், விலக்கம் கேட்டாள், தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் கேட்டாள். கொட்டிக் கிடந்த பட்டைகள் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிடங்குக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு பட்டையாக மூட்டைக்குள் திரும்பப் போட ஆரம்பித்தார்.

அந்தத் தொகுதியில் விற்காமல் மீந்திருந்த இரண்டாம் இயந்திரப் பட்டைகள் இருபத்தைந்து கிடைத்தன. மதியத்துக்குள் அத்தனையையும் அறுத்தாள். முதல் பட்டை ஆயிரத்து அறுநூறில் அறுந்தது. இரண்டாவது ஆயிரத்து முந்நூற்று எழுபதில். ஏழாவது ஆயிரத்து இருநூற்றுப் பத்தில். அந்தச் சத்தத்துக்கு அவள் முதல்முறையாகத் துள்ளினாள். சராசரி ஆயிரத்து ஐந்நூறு, விலக்கம் நூற்றைம்பது. பாதிப் பட்டைகள் விதி கேட்கும் ஆயிரத்து ஐந்நூறைத் தாங்கவில்லை.

ஆயிரத்து இருநூறு இங்கே ஆறு எட்டு தள்ளி இல்லை, இரண்டே எட்டு. அட்டவணையில் இரண்டுக்கு நேரே விரலை வைத்தாள். ஆயிரத்துக்கு இருபத்து மூன்று. அந்த இயந்திரம் தைத்தது நாலாயிரம் பட்டை. ஆக, தொண்ணூற்றொரு பட்டைகள் அவள் தம்பியின் பட்டையைப்போல. தம்பி மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் பன்னிரண்டு இல்லை, தொண்ணூறு.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வேகமாகத் தைக்க வேண்டும், ஊசி அடிக்கடி உடையக் கூடாது என்று அந்தத் தொகுதிக்கு மட்டும் அந்த இயந்திரத்தில் தடித்த ஊசி போட்டிருந்தார்கள். அது இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் பட்டையின் இழையை அறுத்துவிட்டுத்தான் தைத்திருந்தது.

மேலாளர் அவள் நீட்டிய தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. அதுக்காக இத்தனை பேர் பொழைக்கற இடத்த இழுத்து மூடணுமா?"

"மூடச் சொல்லல சார். அந்த நாலாயிரத்தையும் திருப்பி வாங்கச் சொல்றேன்."

"போனவர் திரும்ப வரப் போறாரா?"

"போகாதவங்க இருக்காங்களே சார். இப்பவும் தொங்கிட்டுத்தான் இருக்காங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து தேடினார். பிறகு பழைய சோதனை அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"முதல்ல மாட்டப் போறது யாரு?"

"நான்தான். அதையும் எழுதியிருக்கேன், கடைசிப் பத்தியில பாருங்க. ஒரு நகல் விசாரணை அலுவலகத்துக்குப் போயிடுச்சு."

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். தம்பி மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அதில் அவன் சட்டை ஒன்றும் இருந்தது. கோத்துவைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "தப்பு என்னோடதும்மா" என்று ஆரம்பித்து, பெட்டி, லேபிள், ஊசி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தம்பி மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் சட்டையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"பெல்ட் வந்த புதுசுல அவரு கயித்தையும் சேத்துத்தான் கட்டிக்கிட்டு இருந்தாரு அண்ணி. ரெண்டும் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல சாப்பிட்டுட்டு வந்தோமே, மறுநாள் கயித்தக் கழட்டி ஆணியில மாட்டிட்டாரு. 'அக்கா நூறு கோடின்னு சொல்லிருக்கா, இது எதுக்கு சுமை'ன்னாரு."

தம்பி மனைவி குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை.

"நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும். ஆனா இப்ப உங்க முகத்தப் பாக்க என்னால முடியல. நீங்க உங்க வீட்டுக்குப் போயிடுங்க அண்ணி."

குழந்தை உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தை எங்கம்மா போறாங்க?" என்று கேட்டது. மணியக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த மாதக் கடைசியில் தம்பி மனைவி குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குக் குடிபோய்விட்டதாக, அந்தப் பெயின்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

பட்டைகள் திரும்பி வந்தன. விசாரணை அலுவலகம் உத்தரவு போட்டது. தொழிற்சாலை கடிதம் அனுப்பியது. அது போதாது என்று அவளே ஒப்பந்தக்காரர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தாள். சிலர் உடனே அனுப்பினார்கள். சிலர், "வேலை முடியட்டும் பாக்கலாம்" என்று பிடி கொடுக்காமல் பேசினார்கள். அவர்களிடம் தம்பியின் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னாள். மூவாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு வந்து சேர்ந்தன. மீதி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வந்தவற்றில் நானூறை அறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். இந்த முறை மூட்டைகளை அவளே கலைத்துப் போட்டு, தானே போய்ப் பொறுக்கினாள். நானூறில் ஒன்பது ஆயிரத்து இருநூறைத் தாங்கவில்லை. கணக்குப்படியும் ஒன்பதுதான் வர வேண்டும். விசாரணைப் பொறியாளர், "அச்சு அசலா அப்படியே வந்திருக்கும்மா" என்று வியந்தார். அவள் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, தம்பி போன நாளிலிருந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள்.

தீர்ப்பு ஆறு மாதத்தில் வந்தது. ஊசியை மாற்றச் சொன்னது மேலாளர்தான் என்று எழுதியிருந்தார்கள். மாதிரி எடுத்ததில் கவனக்குறைவு என்று அவள்மேலும் எழுதியிருந்தார்கள். இரண்டு வருஷம் எந்தச் சோதனை அறிக்கையிலும் அவள் கையெழுத்துப் போடக் கூடாது. தானாகவே உண்மையைச் சொன்னதால் அதற்குமேல் தண்டனை வேண்டாம் என்றார்கள். அவள் மேல்முறையீடு செய்யவில்லை. வேறொரு தொழிற்சாலையில் நூல் கண்டுகளை எடை போடுகிற வேலை கிடைத்தது. கண்டு ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். அதனால் யாரும் சாகப் போவதில்லை.

ஒன்றரை வருஷம் தம்பி மனைவியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மாதா மாதம் இவள் குழந்தைக்கு ஒரு கடிதம் எழுதுவாள், பதில் வராது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கைப்பேசியில் செய்தி வந்தது. பாப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், முடிந்தால் ஞாயிறு வாருங்கள், நான் அதிகம் பேச மாட்டேன் என்று இருந்தது.

போனாள். மூன்றாவது மாடி வீடு. குழந்தை உயரமாகிவிட்டிருந்தாள், கோரைப்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. அத்தையைக் கட்டிக்கொள்ளலாமா என்று அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்தாள். தம்பி மனைவி சொன்னபடியே அதிகம் பேசவில்லை. "வாங்க" என்றாள். "தண்ணி வரல. கீழ குழாயிலருந்துதான் தூக்கணும்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த இரண்டு வாளிகளில் ஒன்றை நீட்டினாள்.

மணியக்கா வாங்கிக்கொண்டாள். இருவரும் படி இறங்கினார்கள். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. முதல் வாளி நிரம்பவே வெகுநேரம் பிடித்தது.

"எழுதற கடுதாசி எல்லாம் அவ வச்சிருக்கா" என்றாள் தம்பி மனைவி, வாளியைப் பார்த்தபடியே.

"சரிம்மா."

"நான் இன்னும் படிக்கல."

"பரவாயில்லம்மா."

தம்பி மனைவி நிரம்பிய வாளியை நகர்த்தி வைத்தாள். மணியக்கா தன்னுடையதைக் குழாய்க்கு நேரே வைத்துவிட்டு, அது நிரம்பட்டும் என்று பக்கத்தில் நின்றாள்.